பெரிய முதலீடு கட்டுபடியாகுமா? – கேள்வி பதில்

கேள்வி: இயந்திரத்துக்கு 100 லட்சம் போட்டால் ஆண்டுக்கு 25 வரும். ஆயுள் 5 ஆண்டு. நாலே ஆண்டில் போட்ட காசு வந்துவிடுகிறதே, வாங்கலாமா சார்?

பதில்: வேண்டாம். உங்கள் பணம் வேறிடத்தில் 12% ஈட்டும் என்றால், ஐந்தாம் ஆண்டு வரும் 25-இன் இன்றைய மதிப்பு 14 சொச்சம்தான்; இன்று அந்த 14 சொச்சத்தை 12%-இல் போட்டாலே ஐந்தாண்டில் 25 ஆகிவிடும். ஐந்து ஆண்டையும் இப்படிக் கூட்டினால் 90. போடுவதோ 100.

அடுத்து, வரவை ஓராண்டு தள்ளிப் போட்டுப் பாருங்கள். இயந்திரம் வந்திறங்கி, பொருத்தி, ஓடத் தொடங்க அவ்வளவு தாமதமானால் அந்த 90, 80 ஆகிவிடும். 1963-இல் முடியவேண்டிய சிட்னி ஓபரா ஹவுஸ் 1973-இல்தான் திறந்தது. 70 லட்சம் டாலர் மதிப்பீடு 10 கோடியைத் தாண்டியது.

கேள்வி: தேய்மானத்தையும் கழிக்கணுமா?

பதில்: கூடாது. தேய்மானம் என்பது இயந்திரத்துக்குப் போட்ட காசை ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும் கணக்கு. அந்த முதலீட்டைத் தொடக்கத்திலேயே கழித்தாயிற்று. தேய்மானத்தால் மிச்சமாகும் வரியை மட்டும் வரவில் சேருங்கள்.

கேள்வி: எங்களுக்கு 3 ஆண்டிலேயே போட்டது வந்துவிடும். போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு என்ன வரும் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

கேள்வி: கட்டடம் பாதியில் நிற்கிறது. 40 போட்டாயிற்று, இன்னும் 60 வேண்டும். வரவின் இன்றைய மதிப்பு 70. 100 போட்டு 70 எடுப்பதா என்கிறார் கூட்டாளி.

பதில்: கட்டி முடியுங்கள். நிறுத்தினாலும் அந்த 40 திரும்பாது. இனி போடும் 60-க்கு 70 வருகிறது.

மறுப்பு: இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே சார் எல்லாத் திட்டமும் பணத்தை விழுங்குகிறது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வரவு 50 என்றால் இதே கணக்கு நிறுத்தச் சொல்லும். பிழை அந்த 60-இல் இருக்கும். மீதிச் செலவைப் பழைய மதிப்பீட்டிலிருந்தே எடுத்து எழுதிவிடுகிறார்கள். ஒப்பந்தக்காரரிடம் இன்றைய விலைப்புள்ளி வாங்குங்கள்.

கேள்வி (கட்டடக்காரர்): இப்படியே விற்றால் 15 கிடைக்கும் சார், சொல்ல விட்டுப்போச்சு.

பதில்: அப்படியானால் என் பதில் மாறுகிறது. விற்றுவிடுங்கள். கட்டி முடித்தால் மிஞ்சுவது 10. வரவு ஓராண்டு தள்ளினால், அதே 12%-இல், அதுவும் இரண்டரைதான்.

கேள்வி: நாலு ஆண்டில் போட்டது...

பதில்: முதல் பதில்.

கேள்வி: தாமதத்துக்கு அபராதம் ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது?

பதில்: வாசகத்துக்கு வழக்கறிஞரைப் பாருங்கள். தொகைக்கு, ஒரு மாதம் தள்ளினால் உங்கள் கணக்கில் எவ்வளவு குறைகிறது என்று போட்டு, அதையே மாத அபராதமாகக் கேளுங்கள்.