ஒலியை முழுதாக வைத்தும் ஹெட்ஃபோனில் சத்தம் போதவில்லையே, ஏன்?

கேள்வி: ஸ்டுடியோக்களில் பயன்படுத்தும் வகையிலான 250 ஓம் ஹெட்ஃபோன் வாங்கினேன். கையடக்க மியூசிக் ப்ளேயரில் செருகி, ஒலியை முழுதாக வைத்தாலும் சத்தம் போதவில்லை. பழைய இயர்ஃபோனோ அதே ப்ளேயரில் பாதி அளவிலேயே காதைப் பிளக்கிறது. எது பழுது?

பதில்: இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஜோடிதான் சேரவில்லை.

ஹெட்ஃபோன் பெட்டியின் பின்பக்கம் இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லப்படும் மின்தடை), சென்சிடிவிட்டி (குறிப்பிட்ட மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) என்று இரண்டு எண்கள் இருக்கும். பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். உங்களுடையது 250 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1 மில்லிவாட் கிடைக்க 0.5 வோல்ட் வேண்டும். 32 ஓம் ஹெட்ஃபோன் என்றால் 0.18 வோல்ட்டே போதும். சிறிய ப்ளேயர்கள் பல, முழு ஒலியிலும் 0.5 முதல் 1 வோல்ட் வரைதான் தரும். அதே 0.5 வோல்ட்டை 16 ஓம், 110 டெசிபெல் இயர்ஃபோனுக்குக் கொடுத்தால் 120 டெசிபெலைத் தாண்டிவிடும்! உங்கள் பழையது அலறுவது இதனால்தான்.

'96 டெசிபெல் அதிகம்தானே?' என்று தோன்றலாம். அது பாட்டின் உச்சத்துக்கான கணக்கு. மெல்லப் பதிவான இசையின் சராசரி அதற்கு 20 டெசிபெல் கீழே கூட இருக்கும்.

செலவு செய்வதற்கு முன் ப்ளேயரின் செட்டிங்ஸைப் பாருங்கள். 'கெயின்' (ஒலியைப் பெருக்கும் அளவு) என்று இருந்தால் 'ஹை'யில் வையுங்கள். ஒலி வரம்பு போடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ப்ளேயருக்குத் தடித்த உறை போட்டிருந்தால் ஹெட்ஃபோனின் செருகி முழுதாக உள்ளே போகாமலும் இருக்கலாம். இதற்கும் மசியவில்லையா? யுஎஸ்பியில் செருகும் சிறிய டிஏசி டாங்கிள்களில் (டிஜிட்டல் ஆடியோவை ஹெட்ஃபோனுக்கான மின்சைகையாக மாற்றும் குட்டிக் கருவிகள்) 2 வோல்ட் தருபவை உண்டு. 0.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் 12 டெசிபெல் கூடும், உங்களுக்கு அது தாராளம். ப்ளேயரின் யுஎஸ்பி வழியாக ஆடியோ வெளியே வருமா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். செங்கல் கனத்தில் ஒரு ஆம்ப்ளிஃபையரைச் சுமக்கத் தேவையில்லை.

வெளியில் கேட்கத்தான் வாங்கினீர்கள் என்றால், அதுவும் பின்பக்கம் திறந்த (வெளிச்சத்தம் உள்ளே வரும்) வகை என்றால், திருப்பிக் கொடுத்துவிட்டு மூடிய வகையில் 32 ஓம் அளவிலுள்ள ஒன்றை வாங்குங்கள் என்பேன். ஆனால் ஓம் குறைவு என்பதை மட்டும் நம்பாதீர்கள். பிளேனார் (தட்டையான மென்படலம் அதிர்ந்து ஒலி தரும்) வகையில் சில, ஓம் குறைவாக இருந்தும் சென்சிடிவிட்டி குறைவால் நிறைய மின்சாரம் கேட்கும்.

அப்புறம், கெயினை ஹையில் வைத்த பிறகு பழைய இயர்ஃபோனை மாட்டுவதற்கு முன் மறக்காமல் ஒலியைக் குறைத்துவிடுங்கள்.