எல்-39 ஓடுபாதைக்கு முன்னாலேயே தரை தட்டுகிறதா?

வணக்கம் நண்பரே. டிசிஎஸ் என்ற கணினி விமான ஓட்ட விளையாட்டில் எல்-39 பயிற்சி ஜெட்டைத் தரவிறக்கிய பிறகு, இறங்கும்போது த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்கத் தள்ளியும் வேகம் ஏறாமல் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரை தட்டுகிறது, டாக்ஸியிலும் (தரையில் உருண்டு செல்லும்போதும்) திரும்ப மறுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கோப்பில் கோளாறு இல்லை. நிஜ விமானமும் இப்படித்தான்.

அதன் ஏஐ-25டிஎல் இன்ஜின் ஐடிலிலிருந்து (மிகக் குறைந்த சுழற்சி) முழு விசைக்கு வர ஏறக்குறைய 10 விநாடி ஆகும். மணிக்கு 230 கி.மீ. வேகத்தில் வந்தால் அதற்குள் 600 மீட்டருக்கு மேல் கடந்துவிடுவீர்கள்! அதனால் இறங்கி வரும்போது ஐடிலுக்கு இழுக்கவே வேண்டாம். சக்கரத்தையும் ஃபிளாப்பையும் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) முன்னதாகவே இறக்கிவிடுங்கள். அந்த இழுவையைச் சமாளிக்க இன்ஜின் நல்ல சுழற்சியிலேயே இருக்கும், கேட்டதும் விசை கிடைக்கும். ஓடுபாதை விளிம்பைத் தாண்டியபின் மெல்லக் குறையுங்கள். அப்புறம், வேகமானி காட்டுவது மணிக்கு இத்தனை கி.மீ. என்றுதான், நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் இல்லை.

டாக்ஸிக்கு வருவோம். மூக்குச் சக்கரத்துக்குத் தனி ஸ்டியரிங் கிடையாது. கொஞ்சம் உருள விட்டு, ஸ்டிக்கில் உள்ள பிரேக் பிடியை அழுத்தியபடி திரும்ப வேண்டிய பக்கத்து ரட்டர் பெடலை (வால் சுக்கானுக்கான கால்மிதி) மிதியுங்கள், அந்தப் பக்கம் பிரேக் பிடித்துத் திரும்பும்.

1968இல் முதலில் பறந்த இந்தச் செக்கோஸ்லோவாக்கியப் பயிற்சி ஜெட் எனக்கு மிகவும் பிடித்தது. அழித்துவிடாதீர்கள். காற்றில்லாத வானிலை வைத்து ஐந்தாறு சுற்று இறக்கிப் பாருங்கள்.