அனைவரையும் நேசிக்கச் சொல்லும் நெறியில் நெருங்கியவர்களுக்குத் தனி இடம் உண்டா?

எல்லோரிடமும் அன்புகூரச் சொல்லும் கிறிஸ்தவச் சிந்தனையில், பெற்றோரிடமும் நண்பரிடமும் நாம் கொள்ளும் தனிப்பற்று ஒரு குறையாகக் கருதப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையல்ல என்பதே என் கருத்து. எனினும் அந்த மரபில் இதற்கு ஒரே விடை இருந்ததில்லை.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவிடம் 'எனக்குப் பிறன் யார்?' என்று கேட்கிறார். (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'பிறன்' என்று சொல்லும் இடத்தில், புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்கிறது, ஒரே மூலச்சொல் தமிழில் அந்நியனாகவும் அருகில் இருப்பவராகவும் ஆகியிருப்பது, இந்தச் சிக்கல் முழுவதையும் அச்சொல்லே தாங்கி நிற்பதைக் காட்டுகிறது.) அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனின் (யூதர்கள் அந்நியராக ஒதுக்கிய இனத்தவன்) கதையைச் சொல்லிவிட்டு, கண்டும் விலகிப்போன இருவரையும் இவனையும் சேர்த்து, மூவரில் எவன் அவனுக்குப் பிறனாயிருந்தான் என்று இயேசு கேள்வியையே திருப்பிவிடுகிறார். ஆக, யார் யாரை நேசிக்கலாம் என்ற பட்டியலுக்கு அங்கே இடமில்லை.

இளமையில் நெருங்கிய நண்பனை இழந்து நிலைகுலைந்த கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீன் (354–430), சாகப்போகிற ஒருவனைச் சாகவே மாட்டாதவன்போல் நேசித்ததுதான் தன் துயரத்துக்குக் காரணம் என்று பின்னாளில் எழுதினார். அனைவரையும் சமமாக நேசிக்க வேண்டும் என்றாலும் அனைவருக்கும் உதவ நம்மால் இயலாது. ஆகவே இடமும் காலமும் சூழலும், சீட்டு விழுந்தாற்போல், யாரை நம் அருகே சேர்த்தனவோ அவர்களை முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. இது எனக்கு நிறைவளிக்கவில்லை. பெற்ற தாயைத் தற்செயலாக நம் பங்குக்கு வந்தவராக எண்ணுவது உண்மைக்குப் பொருந்துமா?

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை இன்னும் நுட்பமாக அணுகினார். இறையன்பையே ஒருவகை நட்பு என்று விளக்கிய அவர், நெருங்கியவர்களை மிகுதியாக நேசிப்பது அன்பின் ஒழுங்குக்கு, அதாவது யாரை எந்த அளவில் நேசிப்பது என்ற வரிசைக்கு, உட்பட்டதே என்றார். ஆனால் அந்நியன் ஒருவன் உயிர் போகும் தேவையில் இருக்க, தந்தைக்கு அத்தகைய நெருக்கடி இல்லையெனில், உதவி முதலில் அந்நியனுக்கே செல்ல வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். பற்றின் ஆழம் வேறு, தேவையின் அவசரம் வேறு என்று பிரித்தறிந்த இந்த இடமே என்னை அவர் பக்கம் சாய்க்கிறது.

டென்மார்க்கின் தத்துவவாதி கீர்க்கேகார்ட் 1847இல் இதற்கு நேரெதிராக வாதிட்டார். காதலும் நட்பும் நாமே தேர்ந்தெடுக்கும் அன்பு என்பதால், அவற்றினுள் தன்னலம் ஒளிந்திருக்கிறது என்பது அவர் ஐயம். மிகையான வாதம்தான், ஆனாலும் என்னால் அதை முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. ஏனெனில், இருவரின் தேவைகள் மோதும்போது எதற்கு முன்னுரிமை என்பதைப் பொதுவிதியால் தீர்க்க முடியாது, விவேகமுள்ளவர் தீர்ப்புக்கே விட வேண்டும் என்று அக்குவினாஸ் முடிக்கிறார். அந்தத் தீர்ப்பைச் சொல்லப்போகிறவரோ, ஏற்கெனவே ஒருபக்கம் பற்று வைத்திருப்பவர்.