அமைச்சர் மாறிய நாளும் கொள்கை மாறிய நாளும்

கேள்வி: 1822இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் காசில்ரே இறந்து ஜார்ஜ் கேனிங் அந்தப் பதவிக்கு வந்ததும் பிரிட்டன் ஐரோப்பிய வல்லரசுகளின் கூட்டிலிருந்து விலகியது என்று என் முதுகலை ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: அப்படியே எழுதினால் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். பதவியேற்ற தேதியை விட்டுவிட்டு, முதலில் கொள்கை ஆவணங்களின் தேதிகளைப் பாருங்கள்.

பிற நாடுகளின் உள்விவகாரங்களில் வல்லரசுகள் கூட்டாகத் தலையிடுவதைப் பிரிட்டன் ஏற்காது என்பதை 1820 மே மாதக் குறிப்பிலேயே காசில்ரே வகுத்துவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் பிரஷ்யாவும் டிராப்பா நகரில் மாநாடு கூடி, புரட்சி நடந்த நாடுகளைப் படைபலத்தாலும் வழிக்குக் கொண்டுவரலாம் என்று அறிவித்தபோது, 1821 ஜனவரிச் சுற்றறிக்கையில் தம் மறுப்பையும் பதிவுசெய்தார். 1822 ஆகஸ்ட் 12 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார். வல்லரசுகளின் அடுத்த மாநாட்டுக்குத் தாமே செல்வதாக எண்ணி அவர் வரைந்திருந்த அறிவுறுத்தல்களுடன்தான் அவருக்குப் பதிலாகத் தளபதி வெலிங்டன் புறப்பட்டார். புரட்சி நடந்திருந்த ஸ்பெயின்மீது படையெடுக்கும் திட்டத்தில் என்ன நேர்ந்தாலும் பிரிட்டன் சேராது என்று செப்டம்பரில் கேனிங் எழுதியனுப்பியது அந்த நிலைப்பாட்டைக் கூர்மையாக்கியதே தவிர, திசைதிருப்பவில்லை. பிரதமர் லிவர்பூலும் மாறவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

உண்மையில் மாறியது நடைமுறை. கருத்து வேறுபாடு முற்றியபோதும் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்குடன் நேரில் பேசித் தீர்க்கவே காசில்ரே விரும்பினார். கேனிங்குக்கு அத்தகைய நெருக்கமும் இல்லை, நாட்டமும் இல்லை. (கல்கத்தாவுக்குத் தலைமை ஆளுநராகக் கப்பலேறவிருந்தவரை லண்டனில் நிறுத்தியது அந்தத் தற்கொலைதான்.) முன்னவரின் 1820ஆம் ஆண்டுக் குறிப்பை 1823இல் நாடாளுமன்றத்தின் முன் வைத்து, பொதுமக்கள் கருத்தையே ஆயுதமாக்கினார். தென் அமெரிக்க விவகாரத்தில் மட்டும் அவர் தெளிவாகவே முன்னவரைத் தாண்டிச் சென்றார்: ஸ்பெயினிடமிருந்து பிரிந்த புதிய நாடுகளின் கொடியேந்திய கப்பல்களைப் பிரிட்டன் துறைமுகங்களில் அனுமதிப்பதோடு காசில்ரே காலம் முடிந்தது, கேனிங்கோ, மன்னரின் எதிர்ப்பையும் மீறி, 1824 டிசம்பரில் அவற்றை அங்கீகரிக்கும் முடிவை அமைச்சரவையில் பெற்றார்.

ஆகவே, '1820இல் வகுக்கப்பட்ட கொள்கை 1822க்குப் பின் வெளிப்படையாகவும் விட்டுக்கொடுக்காமலும் நடத்தப்பட்டது' என்று எழுதுங்கள். கேனிங்கின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் 1823 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை ஸ்பெயினுக்குள் நுழைந்ததையும், பிரிட்டன் நடுநிலை வகித்ததையும் அதே அத்தியாயத்தில் சேர்த்துவிடுங்கள். தேர்வாளர் அதைக் கேட்காமல் விடமாட்டார்.