பாத்திரப் பண்பை எழுதச் சொன்னால் கதைச்சுருக்கமே வருகிறது, என்ன செய்வது?

ஒரு பழைய நாடகத்தையோ பலரும் பார்த்த திரைப்படத்தையோ எடுத்து அதன் பாத்திரங்களையும் கருப்பொருளையும் ஆராயச் சொன்னால், முதற்பக்கம் முழுவதும் கதையாகவும் அடுத்த பக்கம் ‘நல்லவன், வீரன், பேராசைக்காரன்’ என்ற அடைமொழிகளாகவும் முடிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிப்பவள் நான். இதே விடையை ஆண்டுதோறும் கட்டுக்கட்டாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கதையை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் ஆராய்ந்துவிட்டதாக ஒரு நிறைவு வந்துவிடுகிறது. அதுதான் இதிலுள்ள பொறி.

எனக்கு இதிலிருந்து வெளியேறும் வழியைக் காட்டியவர், நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் அம்மம்மா. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் ஓரிரவு அரிச்சந்திர மயான காண்டம் நடந்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து ஊர் ஊராக ஆடி, யாழ்ப்பாணத்தார் நெஞ்சில் பதித்த இசைநாடகம் அது. அவர் 1989இல் மறைந்த பின்னரும் வேறு குழுக்கள் அதை விடாமல் ஆடின. நாங்கள் பார்த்ததும் அப்படியொரு குழுவின் ஆட்டம். அரிச்சந்திரனின் மகன் லோகிதாசன் பாம்பு தீண்டி விழுந்தபோது கோயில் வீதி மணலில் பாய் விரித்திருந்த பெண்கள் எல்லோரும் முந்தானையைக் கண்ணில் வைத்தார்கள். அம்மம்மா பாக்குச் சீவலில் கவனமாக இருந்தார். பிறகு தாய் சந்திரமதி பிள்ளையின் உடலோடு சுடலைக்கு வருகிறாள். சுடலை காக்கும் அரிச்சந்திரன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய தாலியால் இருவரும் ஒருவரையொருவர் அறிகிறார்கள். அறிந்த பிறகும், வாய்க்கரிசி தன் பங்கு என்பதால் அதை விட்டுவிடுகிறேன் என்றும், மற்றவை எசமானுக்கு உரியவை ஆகையால் அவற்றைக் கொண்டுவா என்றும் சொல்கிறான். பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மம்மா சொன்னார்: “இப்பவும் கேக்கிறான் பார். உவனுக்கு வாய் எப்பிடி வருகுது?” அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

அவர் எங்கே அழவில்லை, எங்கே அழுதார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. பாம்பு கடித்தது ஒரு நிகழ்ச்சி. அதில் யாருடைய பண்பும் வெளிப்படவில்லை. கால் பணத்தைக் கேட்டது ஒரு தெரிவு. கேட்காமல் விட்டிருக்கலாம், சுடலையில் வேறு சாட்சியும் இல்லை, ஆனாலும் கேட்டான். கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தம் கவிதையியலில், ஒருவர் எதைத் தேர்கிறார், எதை விலக்குகிறார் என்பதிலேதான் பண்பு புலப்படுகிறது என்று சொல்வதும் இதைத்தான். ஆகவே ஒரு பாத்திரத்தை எடுத்தவுடன் ‘இவன் எப்படிப்பட்டவன்’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி உங்களை நேரே அடைமொழியில் கொண்டுபோய் விடும். இவனுக்கு என்ன வேண்டும், அதற்கு எது குறுக்கே நிற்கிறது, இரண்டு வழி திறந்திருந்த இடத்தில் எதைத் தேர்ந்தான் என்று கேளுங்கள். அதன் பிறகு, பெரும்பாலான மாணவர்கள் கேட்கத் தவறும் கேள்வியையும் கேளுங்கள்: அந்தத் தெரிவின் விலையைக் கொடுத்தவர் யார்?

அரிச்சந்திரன் தன் வாக்கைக் காக்கிறான். ஆனால் அதற்காகக் காசியில் விற்கப்படுபவர்கள் அவன் மனைவியும் பிள்ளையும். அவனும் சுடலைக்கு எசமானான வீரவாகுவுக்கு அடிமையாகிறான் என்பது உண்மைதான். எனினும் அவன் தன்னை விற்பது தன் முடிவால். லோகிதாசனிடம் யாரும் கேட்கவில்லை. இந்த இடத்துக்கு வந்துவிட்டால் ‘உண்மையே வெல்லும்’ என்று நாடகத்தின் கருப்பொருளை ஒரே வரியில் முடிக்க உங்களுக்கு மனம் வராது. அது சந்திரமதியை வெட்டவந்த வாள் மாலையாகித் தெய்வங்கள் தோன்றும் முடிவிலிருந்து பிடுங்கியெடுத்த வரி. விடியும்வரை அந்த மணலில் மக்களை இருத்தி வைத்திருந்தது வேறொன்று: ஒருவன் தன் சத்தியத்துக்காகப் பிறர் வாழ்வை எவ்வளவு தூரம் செலவழிக்கலாம் என்ற கேள்வி. கருப்பொருள் பெரும்பாலும் இப்படிக் கேள்வியாகத்தான் இருக்கும். (அகத்திணையில் கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம் போன்றவை, பாடநூல்கள் அந்தச் சொல்லையே இதற்கும் எடுத்துக்கொண்டதால் என் மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பாத ஆண்டே இல்லை.)

இந்த நாடகத்தை அளக்க நம்மிடமே நல்லதொரு கோல் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு என்கிறது. பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், இருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு வருதல், இல்லாமை என்று அவற்றை விரிக்கலாம். மயான காண்டத்தின் அந்த ஒரு காட்சியில் நான்கும் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஆனால் அவை அதிகமாகச் சேர்வது அரிச்சந்திரனிடமா சந்திரமதியிடமா என்று எழுதிப் பாருங்கள். நாடகத்தின் பெயர் ஒருவரிடமும் அதன் பாரம் வேறொருவரிடமும் இருப்பது தெரியவரும். எங்கள் ஊர் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பாடை புறப்பட்டதும் படலையோடு நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் தன் பிள்ளையின் பிரேதத்தைத் தானே தூக்கிக்கொண்டு தனியே சுடலைக்கு வருவதைக் காண்பது, அவள் வாய் திறந்து ஓர் அடி பாடும் முன்னரே, அவளுக்கு யாரும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. ஒரு பாத்திரத்தை ஆராயும்போது அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் வழக்கத்தையும் சேர்த்து ஆராய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மயான காண்டத்துக்கு அடுத்து நான் எப்போதும் எடுப்பது அன்ரிகனி. கி.மு. 441 அளவில் கிரேக்க நாடகாசிரியர் சோபோகிளிஸ் எழுதிய அந்த நாடகத்திலும் ஒரு பிரேதம், ஒரு கட்டளை, ஓர் உறவு ஆகிய மூன்றுந்தான் இருக்கின்றன. தீப்ஸ் நகரின் வாயிலில் அன்ரிகனியின் சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் கொன்று மடிகிறார்கள். நகரைக் காத்தவனுக்கு முழு மரியாதை. அந்நியப் படையோடு நகரின் மீது வந்த பொலினைசிசை அடக்கம் செய்பவருக்கு மரணம் என்று புது மன்னனான மாமன் கிறியோன் கட்டளையிடுகிறான். அன்ரிகனி அந்த உடலின் மீது மண்ணைத் தூவுகிறாள். அரிச்சந்திரன் கட்டளையின் பக்கம் நின்று உறவை மறுத்த அதே இடத்தில் இவள் உறவின் பக்கம் நின்று கட்டளையை மறுக்கிறாள். இரு நாடகங்களையும் அருகருகே வைத்தால் இரண்டுமே கூர்மையாகின்றன.

யாழ்ப்பாணத்து வகுப்பறையில் இந்த நாடகத்துக்கு முன்னுரை தேவைப்படுவதில்லை. உடலைக்கூடக் காணாமல் எட்டுச்செலவு என்ற எட்டாம் நாள் சடங்கைச் செய்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அதனாலேயே ஒரு தவறும் நேர்கிறது: அன்ரிகனியைத் தெய்வமாக்கிக் கிறியோனை அரக்கனாக்கிவிடுகிறார்கள். அன்ரிகனி மென்மையானவள் அல்லள். முதலில் உதவ மறுத்த தங்கை இஸ்மினி பின்னர் தானும் சாவில் பங்குகொள்ள வந்தபோது, நீ செய்யாததற்கு உரிமை கொண்டாடாதே என்று அவளைத் தள்ளிவிடுகிறாள். கிறியோனோ போர் முடிந்த கையோடு ஆட்சிக்கு வந்தவன்; முதற் கட்டளையிலேயே தளர்ந்தால் ஆள முடியாது என்று அஞ்சுகிறான். மேடையில் கூடிய நேரம் நிற்பவனும் இறுதியில் மாறுபவனும் அவன்தான்.

அவனை ஆராய ஒரு சிறிய இடம் போதும். குருட்டுத் தீர்க்கதரிசி தைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனதும் கிறியோன் அஞ்சி, என்ன செய்யலாம் என்று முதியோர் குழுவிடம் கேட்கிறான். அவர்கள், உயிரோடு அடைத்துவைத்த அன்ரிகனியைக் குகையிலிருந்து விடுவி, பின்னர் உடலை அடக்கம் செய் என்ற ஒழுங்கில் சொல்கிறார்கள். அவன் போய் முதலில் உடலை அடக்கம் செய்கிறான். குகைக்கு வரும்போது அவள் தூக்கிட்டு இறந்திருக்கிறாள். அவளை மணக்கவிருந்த அவன் மகன் ஹேமன் அவளருகிலேயே தன்னைக் குத்திக்கொள்கிறான். செய்தி கேட்ட மனைவியும் உயிர்விடுகிறாள். மனம் மாறிய பின்னரும் அவன் உயிரோடிருப்பவளை அல்ல, தான் மீறிய சடங்கையே முதலில் நினைத்தான். ‘ஆணவம் பிடித்தவன்’ என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட இந்த முன்பின்னைச் சுட்டி நான்கு வரி எழுதுங்கள். அதற்கு நான் கூடுதலான புள்ளி போடுவேன்.

கூத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. கூத்தில் பாத்திரம் வரும்போதே வரவுப்பாட்டில் தன்னை இன்னான் என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறது. கதையும் ஊருக்கெல்லாம் தெரிந்தது. காத்தவராயன் கழுவேறுவான் என்பது தெரியாமல் யாரும் அங்கே வந்து உட்காருவதில்லை. அங்கே போய் உளவியல் வளர்ச்சியைத் தேடிவிட்டு, இல்லை என்று குறை எழுதுவது நியாயம் அல்ல.

இனித் திரைப்படம். நீங்கள் ‘தளபதி’யை உதாரணமாகக் கேட்டிருந்தீர்கள். மணிரத்னத்தின் இந்த 1991 படம் கர்ணன் கதை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்வதால் ஆராய்ச்சி ஆகாது. எங்கே ஒத்துப்போகிறது என்பதை விட்டுவிட்டு எங்கே விலகுகிறது என்று பாருங்கள். கர்ணனின் இடத்தில் நிற்கும் சூர்யாவைக் குழந்தையாகச் சரக்குப் புகையிரதப் பெட்டியில் விட்ட தாய், அந்த வண்டியின் ஒலி கேட்கும் போதெல்லாம் கலங்குவதை ஒரு முகத்தின் அண்மைக் காட்சியாலேயே படம் சொல்லிவிடுகிறது; அரங்கில் இதற்கு ஒரு விருத்தம் வேண்டியிருக்கும். அதெல்லாம் அழகு. ஆனால் கர்ணனின் துயரம் எதில் இருக்கிறது? தன் நண்பன் செய்வது அநியாயம் என்று அறிந்தும், செஞ்சோற்றுக் கடனுக்காக அவன் பக்கமே நின்றதில் இருக்கிறது. சிவாஜி கணேசன் நடித்த 1964ஆம் ஆண்டுக் ‘கர்ணன்’ அந்தக் கடனை விட்டுக்கொடுக்கவில்லை. ‘தளபதி’யோ துரியோதனன் இடத்தில் நிற்கும் தேவாவை நியாயத்துக்காகச் சட்டத்தை மீறும் நல்லவனாக்கிவிட்டது. நண்பன் நல்லவன் ஆனதும் சூர்யாவின் தெரிவு இலகுவாகிறது. விலையும் இடம் மாறுகிறது. கர்ணன் கொடுத்த உயிரை இங்கே தேவா கொடுக்கிறான், சூர்யா தாயோடு வாழ்கிறான். ‘தேரோட்டி மகன்’ என்ற பிறப்பு இழிவும் பெற்றோர் தெரியாதவன் என்ற தனிமனிதக் கவலையாகச் சுருங்கிவிடுகிறது. படம் எனக்குப் பிடிக்கும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆயினும் நட்பைப் பற்றிய படமாக அது வென்ற அளவுக்குக் கடனைப் பற்றிய படமாக வெல்லவில்லை என்பது என் கருத்து. நீங்கள் இதை மறுத்து எழுதலாம். அப்படி மறுப்பதானாலும் எதிர்ப்பக்கம் நிற்கும் அர்ஜுன் சூர்யாவின் தம்பி என்று தேவா அறிந்துகொள்ளும் காட்சியிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் உங்கள் பக்கத்துக்கு வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது.

எழுதும் முறைக்கு வருவோம். விடையின் முதல் வாக்கியத்திலேயே தெரிவை வையுங்கள். ‘அரிச்சந்திரன் உண்மை தவறாதவன்’ என்று தொடங்கினால் அடுத்த வாக்கியத்துக்கு வேலையே இல்லை. கதைக்குள்தான் ஓடவேண்டி வரும். ‘தனக்குரிய வாய்க்கரிசியை விட்டுக்கொடுக்கும் அரிச்சந்திரன், எசமானுக்குரிய கால் பணத்தை விட்டுக்கொடுப்பதில்லை’ என்று தொடங்கினால் ஏன் என்ற கேள்வி தானாக எழும்; அதற்கு விடை சொல்லச் சொல்லவே பண்பும் கருப்பொருளும் வந்துவிடும். கதையில் அந்த விடைக்கு வேண்டிய அளவை மட்டும் இடையிடையே எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தப்போகும் ஆசிரியருக்குக் கதை தெரியும். லோகிதாசன் தருப்பை பிடுங்கப் போனதிலிருந்து அவருக்குச் சொல்லவேண்டியதில்லை.