25 வாரத்தில் பிறந்த குழந்தை: சிகிச்சையைத் தொடரலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 25 வாரத்திலேயே பனிக்குடம் உடைந்து பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, 720 கிராம். ஒன்பது நாளாக என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வென்டிலேட்டரில் இருக்கிறாள். “பிழைத்தாலும் குறைபாடு வரலாம், நீங்களே முடிவு பண்ணுங்கள்” என்கிறார் டாக்டர். வீட்டுப் பெரியவர்களோ பிஞ்சை வதைக்க வேண்டாம் என்கிறார்கள். தங்கை அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: “நீங்களே முடிவு பண்ணுங்கள்” என்று மொத்தப் பாரத்தையும் உங்கள் தலையில் இறக்கியது எனக்கு உடன்பாடில்லை. இது டாக்டரும் பெற்றோரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு, அதுவும் ஒரே நாளில் எடுத்து முடிக்கிற காரியம் அல்ல, குழந்தையின் நிலை மாற மாறத் திரும்பத் திரும்பப் பேச வேண்டியது.

இங்கிலாந்தில் 22 முதல் 25 வாரத்துக்குள் பிறந்து தீவிர சிகிச்சைக்கு வந்த குழந்தைகளில், 1995-இல் நூற்றுக்கு 40 பேர் பிழைத்தார்கள், 2006-இல் 53 பேர். ஆனால் பிழைத்தவர்களில் கடுமையான குறைபாடு உள்ளவர்கள் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். அதாவது உயிரைக் காப்பாற்றுவதில் முன்னேறிய அளவுக்கு மூளையைக் காப்பாற்றுவதில் டாக்டர்களாகிய நாங்கள் முன்னேறவில்லை. நம்மூரில் இது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், அதனால் அந்த யூனிட்டில் இதே எடையில் எத்தனை குழந்தைகள் வீட்டுக்குப் போனார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

குறைபாடு என்றதும் படுத்த படுக்கை என்று நினைத்துவிடாதீர்கள். மூளைவாதம், பார்வைக் குறைவு எல்லாம் வரலாம்தான், ஆனால் பல பிள்ளைகளுக்குக் கணக்கு வராது, கவனம் நிற்காது, அவ்வளவுதான். கனடாவின் ஹாமில்டனில் டாக்டர் சரோஜ் சைகல், ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தவர்களை வளரும்வரை தொடர்ந்து கவனித்தார். டீன் வயதில் அவர்களையே கேட்டபோது, பெரும்பாலானோர் தங்கள் வாழ்க்கை நன்றாகவே இருப்பதாகச் சொன்னார்கள். அப்படிப்பட்ட குறைகளோடு வாழ்வதற்கு டாக்டர்களும் நர்ஸ்களும் போட்ட மதிப்பெண்தான் குறைவு. எங்கள் கணிப்பை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது கேட்க வேண்டியது, உச்சிக்குழி வழியாக எடுக்கும் மூளை ஸ்கேனில் என்ன தெரிகிறது என்பது. ரத்தக்கசிவு இல்லை, அல்லது லேசாகத்தான் இருக்கிறது என்றால் கைவிட அவசரப்படக் காரணமே இல்லை. இரண்டு பக்கமும் மூளைத் திசுவுக்குள்ளேயே பெரிய கசிவு, கூடவே குடலும் அழுகுகிறது என்கிற நிலை வந்தால், சிகிச்சையைக் கூட்டாமல் வலி தெரியாமல் தாய் மடியில் வைத்திருப்பதும் மருத்துவம்தான். கொலை செய்துவிட்டோம் என்று உங்கள் தங்கை காலம் முழுக்கக் குமைய வேண்டியதில்லை. பெரியவர்கள் சொல்வதும் கல்நெஞ்சால் அல்ல, இரண்டரை மில்லிமீட்டர் குழாய் தொண்டைக்குள் போவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு பதறும். தடை பணம்தான் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எப்படிப் பத்திரமாக மாற்றலாம் என்று பேசலாம்.

அப்புறம் கண். இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 1996-இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இதைச் செய்யாமல் விட்டதால் பார்வையே போனது, 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கண் டாக்டர் எந்தத் தேதியில் வருகிறார் என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள்.