போர்வெல் தண்ணீரில் ப்ளீச் போட்டு மஞ்சளான வெள்ளைச் சட்டை

சென்னை வேளச்சேரி போர்வெல் தண்ணீரில் ப்ளீச் கலந்து ஊறவைத்த பள்ளிச் சட்டை மஞ்சளாகிவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலும் தண்ணீரில் உள்ள இரும்புதான் காரணம். ப்ளீச் பட்டதும் அது துருவாகி நூலில் படியும். பக்கெட் அடியில் செம்மண் நிற வண்டல் நின்றால் சந்தேகமே வேண்டாம். மறுபடி ப்ளீச் ஊற்றாதீர்கள், கறை இறுகும்.

மெட்ரோ தண்ணீரில் (சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்) ப்ளீச் வாடை அறவே போகும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். அதன் பிறகே எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து, அரைமணி விட்டு அலசலாம். ப்ளீச் மிச்சமிருக்கையில் எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து கவனம்.

அடுத்த முறை 10 லிட்டர் மெட்ரோ தண்ணீருக்கு 50 மில்லி ப்ளீச். முதலில் கலக்கிவிட்டு அப்புறம் துணி. பத்தே நிமிடம், வெள்ளைப் பருத்திக்கு மட்டும்.